பூட்டிய பீரோவும் ஐந்துக்குப் பூஜ்யமும்: நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் கல்லூரி நூலகக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். அதில் இருந்தவை நான்கே வரிகள். இந்தப் பருவம் முதல் அசைன்மென்ட்டுகளில் இணையத்திலிருந்து எடுத்த எதுவும் ஏற்கப்படாது. நூல்களை மட்டுமே ஆதாரமாகக் காட்ட வேண்டும். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் மதிப்பெண் கிடையாது. இது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி எடுத்த முடிவு.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் நூலகத்தின் ரெஃபரன்ஸ் அறை ஸ்மார்ட் கிளாஸுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. அங்கே இருந்த நூல்கள் ஆறு இரும்பு பீரோக்களில் அடைக்கப்பட்டு, வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்து வராந்தாவில் பூட்டோடு நிற்கின்றன. நூலகம் மூடும் நேரமும் மாலை 3.30 ஆகிவிட்டது. எங்கள் கடைசி வகுப்பு முடிவதும் 3.30க்குத்தான்.

இரண்டையும் முடிவு செய்தது ஒரே குழு. நூலைப் பார்த்து எழுது என்று சொன்ன கையே நூலைப் பூட்டியும் வைத்திருக்கிறது. முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டில் நாங்கள் 28 பேர் இருக்கிறோம். சுற்றறிக்கைக்குப் பிறகு வந்த முதல் அசைன்மென்ட்டில் 19 பேருக்கு ஐந்துக்குப் பூஜ்யம். அந்த 19 பேரில் நானும் ஒருத்தி. எங்கள் பேராசிரியர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் சுற்றறிக்கையைப் பின்பற்றினார், அவ்வளவுதான். கேள்வி உங்களுக்கு.

அந்த அசைன்மென்ட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். நாங்கள் எதைப் பார்த்து எழுதுகிறோம், ஏன் அதைப் பார்க்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியாமலேயே இந்த முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

தலைப்பு உத்திரமேரூர் குடவோலை முறை. பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த தலைப்புதான். தலைப்பு கொடுத்த அன்று மாலையே பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு வகுப்பில் பாதிப்பேர் போனார்கள். சீனியர்கள் எழுதிய நோட்ஸ் அங்கே ஸ்பைரல் போட்டு 80 ரூபாய்க்குக் கிடைக்கும். சிலர் கைடு வாங்கினார்கள். சிலர் யூடியூபில் போட்டித் தேர்வு வகுப்புகளைப் பார்த்தார்கள். டெலிகிராம் குரூப்பில் யாரோ போட்ட பிடிஎஃப் ஒன்று எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டார்கள். ஆறேழு பேர் விக்கிப்பீடியா பார்த்தார்கள். நூலகத்துக்குப் போனவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் வெறுங்கையோடுதான் திரும்பினோம்.

ஜெராக்ஸ் நோட்ஸில் "ஊர் மக்கள் அனைவரும் வாக்களித்தனர்" என்று இருந்தது. வீடியோவில் "உலகின் முதல் ஜனநாயகத் தேர்தல்" என்றார்கள். ஊர்ச் சபையின் வாரியத்தில், அதாவது குழுவில், உறுப்பினராக வேண்டியவரின் வயது ஒரு தோழியின் தாளில் 35 முதல் 70 வரை, இன்னொருத்தியின் தாளில் 30 முதல் 60 வரை. இருவரும் விடுதியில் ஒரே அறை. எது சரி என்று இரவு பதினொரு மணி வரை வாதாடியிருக்கிறார்கள். காலையில் வகுப்புக்கு வந்து என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை.

அன்று மாலை தேட ஆரம்பித்தேன். ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனதில், மூன்றாவது நாள் இரவு, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கை ஸ்கேன் பிரதியாகக் கிடைத்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளை வி. வெங்கையா அதில் பதிப்பித்திருக்கிறார். கைப்பேசித் திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி பார்த்து, இரண்டு இரவு படித்தேன்.

அங்கே இருப்பவை இரண்டு கல்வெட்டுகள். ஒன்று சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. முன்னதில் வயது 30 முதல் 60, பின்னதில் 35 முதல் 70. இரண்டு ஆண்டுகளுக்குள் சபை தன் விதியைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறது. என் தோழிகள் இருவர் எழுதியதும் சரி! இருவர் சொன்னதும் வேறு வேறு கல்வெட்டு. ஆனால் அவர்கள் படித்த நோட்ஸ் எதுவும் கல்வெட்டுகள் இரண்டு என்றே சொல்லவில்லை.

ஓட்டும் அங்கே இல்லை. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். அது சீட்டுக் குலுக்கல். "ஊர் மக்கள் அனைவரும்" என்பதும் தவறு. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவர்தான் உள்ளே வர முடியும். பெண்ணுக்கும் உழுதவருக்கும் அங்கே இடமில்லை. அதே கல்வெட்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினர்களையும் விலக்கி வைத்ததையும் சொல்கிறது. பதினொரு நூற்றாண்டுக்கு முன் கணக்குக் காட்டாதவனை ஒதுக்கிய ஊர் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. முதுகலைக்கு வந்து ஒன்றரை ஆண்டில் வரலாறு படிக்கிறோம் என்று நான் உண்மையாக உணர்ந்தது அந்த இரண்டு இரவுகளில்தான்.

பக்க எண்ணோடு மேற்கோள் காட்டினேன். எங்கே படித்தேன் என்பதை மறைக்கக் கூடாது என்று கீழே இணைய முகவரியையும் எழுதினேன். அந்த முகவரியைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் "இணையம்". ஐந்துக்குப் பூஜ்யம்.

கைடைப் பார்த்து வரிக்கு வரி எழுதி, அடியில் கைடு வெளியிட்ட பதிப்பகத்தின் பெயரைப் போட்ட மாணவருக்கு நான்கு. அது அச்சடித்த நூல் அல்லவா! அவர் தாளிலும் "ஊர் மக்கள் அனைவரும் வாக்களித்தனர்" என்றுதான் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கல்லூரி முடிந்ததும் மாலையில் வேலைக்குப் போகிற பையன். ஆனால் இந்தச் சுற்றறிக்கை எங்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். அடுத்த அசைன்மென்ட்டுக்கு எங்கள் வகுப்பில் கைடு வாங்காதவர் யாருமில்லை.

நாங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்டால் வெளிப்படையாகவே சொல்கிறேன். எது சரியானது என்று முதலில் பார்ப்பதில்லை. எது கைக்கு எட்டுகிறது, எது தமிழில் இருக்கிறது, எது போன வருஷம் யாருக்கு மார்க் வாங்கித் தந்தது என்றுதான் பார்க்கிறோம். என் ஊருக்கு 4.10க்கு ஒரு பஸ். அதை விட்டால் 6.45. வீட்டில் கணினி கிடையாது. நானும் இளங்கலை முதல் பருவத்தில் விக்கிப்பீடியாவிலிருந்து இரண்டு பக்கத்தை அப்படியே பெயர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அது தவறு என்று அன்று யாரும் சொல்லவில்லை. தவறு என்று நானாகத் தெரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் பிடித்தன. மேற்கோள் எப்படிக் காட்டுவது, ஒரு கட்டுரையை யார் எழுதினார், எந்த ஆதாரத்தை வைத்து எழுதினார் என்று எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஐந்து ஆண்டுக் கல்லூரிப் படிப்பில் ஒரே ஒரு மணி நேர வகுப்பு கூட எங்களுக்கு நடந்ததில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். நல்ல ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. படித்தால் புரியும், ஆனால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் ஜெராக்ஸ் நோட்ஸில் முழு விடையும் முடிந்துவிடும். தமிழில் தரமான ஆய்வு இல்லாமலும் இல்லை. தமிழகத் தொல்லியல் கழகத்தின் "ஆவணம்" இதழ்கள் பத்துப் பன்னிரண்டு நம் நூலகத்தில் இருந்தன. நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது அவை அந்த ஆறு பீரோக்களில் ஏதோ ஒன்றில் இருக்கின்றன. எதில் என்று நூலக உதவியாளர் அண்ணனுக்கே தெரியவில்லை. "சீட்டில் நூல் பெயரை எழுதிக் கொடும்மா, சாவி வந்ததும் பார்க்கிறேன்" என்றார். சாவி அலுவலகத்தில் இருக்கிறது. பெயர் தெரிந்த நூலை எழுதிக் கேட்கலாம். இருக்கிறதா என்றே தெரியாத நூலை எப்படிக் கேட்பது? அடுக்கின் முன்னால் நின்று, தேடிப்போன நூலுக்குப் பக்கத்து நூலைக் கண்டுபிடிப்பதுதானே நூலகம்?

ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். 2023 ஜூலையில் திறந்தது. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அடுக்குகளுக்கு நடுவே யாரையும் கேட்காமல் நடந்தேன். தேடிப்போகாத இரண்டு நூல்கள் கிடைத்தன. எல்லோரும் அப்படிப் போய்வர முடியாது. பஸ் கட்டணம் பெண்களுக்கு நகரப் பேருந்தில்தான் இலவசம், வெளியூர்ப் பேருந்தில் இல்லை.

இனி, சுற்றறிக்கை துணைக்கு அழைக்கும் யுஜிசி விதிக்கு வருகிறேன். அது 2018இல் வெளியான கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை. அதைத் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். எந்தெந்த எழுத்துக்கு விதி பொருந்தும் என்று வரையறுக்கும் இடத்திலேயே அசைன்மென்ட், பருவக் கட்டுரை, புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் ஐந்து மதிப்பெண் தாளுக்கு அந்த விதி பொருந்தவே பொருந்தாது. பொருந்தும் ஆய்வேடுகளுக்குக்கூட 10 முதல் 40 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால், ஆறு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் கொடுக்கச் சொல்கிறது. முனைவர் பட்ட மாணவருக்குத் திருத்திக்கொள்ள ஆறு மாதம் உண்டு, எங்களுக்கு ஆறு நாள்கூட இல்லையா? உரிய முறையில் காட்டிய மேற்கோளை ஒப்புமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

அந்த ஒழுங்குமுறை தண்டனைக்கு முன்பாகக் கல்லூரியின் கடமையைத்தான் பேசுகிறது. ஒவ்வொரு பருவமும் விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்கிறது. கல்வி நேர்மையை இளங்கலையிலிருந்தே பாடத்திட்டத்தில் கட்டாயப் பகுதியாகச் சேர்க்க வேண்டும் என்கிறது. விதியின் அந்தப் பாதியை நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை.

காப்பியடிப்பதை நியாயப்படுத்த நான் எழுதவில்லை. இணையத்தில் குப்பை நிறைய இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். செயலியிடம் கேட்டு எழுதிய தோழிக்கு, அது ஒரு நூலின் பெயர், ஆசிரியர், பக்க எண் எல்லாம் கொடுத்தது. அந்த நூலை நாங்கள் இரண்டு பேரும் ஒரு முழு மதியம் தேடினோம். மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டோம். அப்படி ஒரு நூல் எங்கும் இல்லை. அவள் அழுதுவிட்டாள். ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பக்க எண் வரைக்கும் சொல்கிற ஒன்று பொய் சொல்லும் என்று அவளுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். விக்கிப்பீடியாவுக்கும் இது பொருந்தும். தன்னையே ஆதாரமாகக் காட்டாதீர்கள் என்று விக்கிப்பீடியாவே சொல்கிறது. அதன் அடிக்குறிப்பைப் பிடித்து மூலத்துக்குப் போகலாம் என்பதுதான் அதன் பயன். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும்.

"இணையம்" என்ற ஒரே சொல்லால் நீங்கள் தள்ளிவிட்டவை என்னென்ன என்றும் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேரும் சோத்கங்கா, தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் உட்பட, இணையத்தில்தான் இருக்கிறது. படிக்கக் கடவுச்சொல்கூட வேண்டாம். தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகம் இணையத்தில்தான். தன்னார்வலர்கள் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம் எல்லாமே அப்படித்தான். அரசு தன் பணத்தில் எங்களுக்காக ஏற்றி வைத்த நூலை ஓர் அரசுக் கல்லூரி ஏற்க மறுப்பது என்ன நியாயம்?

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 2024 நவம்பர் 25 அன்று "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களை ஒன்றிய, மாநில அரசுகளின் கீழ் இயங்கும் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் படிக்கலாம். காந்திநகரில் உள்ள யுஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிலிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது. நம்முடையதும் அரசுக் கல்லூரிதான். நம் கல்லூரி இதில் சேர்ந்திருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டேன். நூலகத்தில் கேள் என்றார்கள். நூலகத்தில் கேட்டேன். துறையில் கேள் என்றார்கள். துறையில் கேட்டபோது, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்த நேரத்தில் ஏதோ பயனர் பெயர் வந்தது, யாரிடம் இருக்கிறதோ தெரியவில்லை என்றார்கள். நாக் குழு வந்த அந்த மூன்று நாளும் நூலகம் மாலை ஆறு மணி வரை திறந்திருந்தது. எங்களை வரிசையாக உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. நான்காம் நாள் மறுபடி பூட்டு.

சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதனின் படம் நம் நூலக வாசலில் மாலையோடு தொங்குகிறது. நூல்கள் பயன்பாட்டுக்கே, படிப்பவரின் நேரத்தைக் காப்பாற்று என்று 1931இல் நூலகவியலுக்கு விதி எழுதியவர். அந்தப் படத்துக்கு நேர் எதிரில்தான் நான் சாவிக்காக நாற்பது நிமிடம் நின்றேன்.

எங்கள் கோரிக்கைகளை எழுதுகிறேன். வகுப்பில் 23 பேர் இவற்றில் கையெழுத்திட்டு, தனித் தாளாக உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம்.

முதலில், அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பூஜ்யம் வாங்கிய 19 பேரும் திருத்தி எழுதிக் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் தாருங்கள். அவர்களில் காப்பியடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் திருத்தி எழுதட்டும்.

புதிய சுற்றறிக்கை ஒன்று வேண்டும். தாளா திரையா என்பதை விட்டுவிட்டு, யார் எழுதியது, எப்போது, எந்த ஆதாரத்தை வைத்து என்பதை அளவுகோலாக வையுங்கள். ஸ்கேன் செய்த அச்சு நூலும் ஆய்விதழும் ஆய்வேடும் நூலுக்குச் சமமாக ஏற்கப்படும் என்று அதில் எழுத்தில் சொல்லுங்கள். கைடும் ஜெராக்ஸ் நோட்ஸும் ஆதாரமாகாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இது எங்களில் பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் கேட்கிறேன்.

ஆறு பீரோக்களையும் மழைக்காலத்துக்கு முன் உள்ளே கொண்டுவாருங்கள். வராந்தாவில் சாரல் அடிக்கிறது, கடைசி பீரோவின் கீழ்த்தட்டில் துரு ஏறிவிட்டது. ரெஃபரன்ஸ் அறை திரும்பக் கிடைக்காது என்றால், வாசிப்புக் கூடத்தின் கிழக்குச் சுவரில் அவற்றுக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டோம். நகர்த்தவும் தூசி தட்டவும் பட்டியல் எழுதவும் நாங்கள் வருகிறோம். பூட்டு மட்டும் வேண்டாம்.

நூலகம் மாலை 5.30 வரை திறந்திருக்க வேண்டும். பணியாளர் பற்றாக்குறை என்றால் வாரத்தில் மூன்று நாளாவது திறந்து வையுங்கள். அந்த அண்ணன் ஒருவரே காலையிலிருந்து நிற்கிறார். அவர்மேல் கூடுதல் சுமை ஏற்றாமல், மாணவர்களிடம் முறைவைத்துப் பொறுப்புக் கொடுக்கலாம்.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் நம் கல்லூரி இருக்கிறதா இல்லையா என்பதைப் பலகையில் எழுதிப் போடுங்கள். இருந்தால், உள்நுழையும் முறையை எல்லாத் துறை மாணவர்களுக்கும் கொடுங்கள். இல்லையென்றால் விண்ணப்பியுங்கள்.

ஒவ்வொரு பருவத்தின் முதல் வாரத்திலும் ஆதாரம் தேடுவது, சோதிப்பது, மேற்கோள் காட்டுவது பற்றித் தமிழில் இரண்டு மணி நேர வகுப்பு வையுங்கள். இளங்கலை முதலாண்டிலிருந்து தொடங்குங்கள். கடைசியாக, நூலகக் குழுவில் மாணவர் இருவருக்கு இடம் கொடுங்கள், ஒருவர் மாணவியாக இருக்கட்டும்.

இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். உள்மதிப்பெண் பட்டியல் அடுத்த மாதம் முதல் வாரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், அதற்குப் பிறகு திருத்த முடியாது.

இப்படிக்கு,
முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி